ஏழுமலையிடம் நான் வாங்கிய ஓ.டி.பி.

1. ஒன்பதே கால்

அன்று அமாவாசை. காலை ஒன்பதே காலுக்கு மார்க்கெட் திறந்தது. முதல் நாள் சாயங்காலம் டெல்லியில் பெட்ரோல், டீசல் விலையைக் குறைத்து அறிவித்திருந்தார்கள். ஊரே சந்தோஷப்பட்ட செய்தி அது. எங்கள் ஆபீஸில் மட்டும் யாருக்கும் சந்தோஷமில்லை. பெட்ரோல் பங்கில் விலையைக் குறைத்தால் அந்த அடியை எண்ணெய் கம்பெனிதான் தாங்க வேண்டும். அரசாங்கம் பெரும்பங்கு வைத்திருக்கிற ஒரு எண்ணெய் கம்பெனியின் ஷேர் அன்று திறந்த முதல் நிமிஷத்திலேயே சிவப்பில் விழுந்தது. எழவே இல்லை.

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ஒரு ஷேர் புரோக்கிங் கம்பெனியின் பிரான்சைஸ். நான் அங்கே டீலர். வாடிக்கையாளர் போனில் சொல்கிற ஆர்டரை டெர்மினலில் போடுவதுதான் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் அதையே செய்திருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் மார்க்கெட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது வேறொன்று.

அந்த எண்ணெய் கம்பெனி ஷேரை எங்கள் வாடிக்கையாளர்களில் முப்பது, நாற்பது பேர் வைத்திருந்தார்கள். வாத்தியார்கள், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலை வியாபாரிகள், பேங்கில் ரிட்டையர் ஆனவர்கள். எல்லோரும் கையில் இருந்த காசில் வாங்கியவர்கள். விலை விழுந்தால் வருத்தப்படுவார்கள், ஆனால் காத்திருக்க முடியும். ஒரே ஒருவர்தான் கடனில் வாங்கியிருந்தார். ஆட்டோ ஓட்டுகிற ஏழுமலை. அந்தக் கடனைப் போட்டுக் கொடுத்தது நான்.

2. டீசல் விலை ஏறணும் என்றவர்

ஏழுமலை செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து மேல்மலையனூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். நாற்பது வயது இருக்கும். நாலு வருஷமாக எங்களிடம் கணக்கு. கையில் கொஞ்சம் சேர்ந்தால் மாடியேறி வந்து அஞ்சு ஷேர், பத்து ஷேர் என்று வாங்குவார். வேறு கம்பெனி எதையும் தொடமாட்டார். அப்படி அறுபது ஷேர் சேர்த்திருந்தார்.

ஏன் அந்தக் கம்பெனி என்று ஒருமுறை கேட்டேன். தினமும் அந்தக் கம்பெனி பெட்ரோல் பங்கில்தான் டீசல் போடுகிறேன், எவ்வளவு விற்கிறது என்று கண்ணால் பார்க்கிறேன் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கச்சா எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்தது, பெட்ரோல் பங்கில் விலை அப்படியே நின்றிருந்தது. சில மாநிலங்களில் தேர்தல் நடந்துகொண்டிருந்ததால் ஏற்றாமல் வைத்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தேர்தல் முடிந்தால் ஏற்றுவார்கள், ஏற்றினால் ஷேர் எகிறும். ஏழுமலை மட்டுமில்லை, டி.வி.யில் கோட்டு போட்டு உட்கார்ந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

ஆட்டோ ஸ்டாண்டில் அவரை எல்லோரும் கிண்டல் பண்ணினார்களாம். டீசல் விலை ஏறணும் என்று வேண்டிக்கொள்கிற ஒரே ஆட்டோக்காரன் நீதான் என்று. அதைச் சொல்லி அவரே சிரிப்பார்.

"ரெண்டு பக்கமும் நான்தானேக்கா. அங்க போறது இங்க வந்துடும்."

அடுத்த மாநிலத்தில் சீக்கிரமே இன்னொரு தேர்தல் வரப்போகிறது, அதற்காக விலையைக் குறைப்பார்கள் என்பதை ஏழுமலையும் யோசிக்கவில்லை, டி.வி.க்காரர்களும் யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும்தான்.

3. ஆட்டோவில் இருந்தபடி ஆறு எண்

அந்தச் சமயத்தில் எங்கள் பிராஞ்சுக்கு எம்.டி.எஃப். டார்கெட் கொடுத்திருந்தார்கள். எம்.டி.எஃப். என்றால், வாடிக்கையாளர் கொஞ்சம் பணம் போடுவார், மீதியை புரோக்கர் கம்பெனி வட்டிக்குப் போடும். வாங்கிய ஷேர் அடகில் இருக்கும். விலை இறங்கினால் குறைகிற பணத்தைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அடகில் இருப்பதில் எதை வேண்டுமானாலும் கம்பெனியே விற்றுக்கொள்ளும். அதற்கு ஸ்கொயர் ஆஃப் என்று பெயர்.

எங்கள் முதலாளி தரணேந்திரன் சாருக்கு அவலூர்பேட்டையில் மல்லாட்டை மண்டியும் உண்டு. கெட்ட மனிதர் இல்லை. மாசக் கடைசியில் டார்கெட் பாதிகூட முடியவில்லை என்று கம்பெனி அவரை நெருக்கியது, அவர் என்னை நெருக்கினார். கேட்கிறவனுக்குக் கொடும்மா, யோசிக்காத என்றார்.

அந்த வாரம் ஏழுமலை கூப்பிட்டார். ஆட்டோவுக்கு எஃப்.சி. எடுக்க வைத்திருந்த பணம் கையில் இருக்கிறது, எஃப்.சி.க்கு இன்னும் ஒரு மாசம் இருக்கிறது, அதற்குள் ஷேர் ஏறிவிடும், வாங்கிப் போடுங்கள் என்றார். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று இல்லாமல் ஆட்டோ ரோட்டில் ஓட முடியாது. எனக்கு அது தெரியும். ஆனாலும், அதே பணத்துக்கு இன்னும் நிறைய வாங்கலாம், கம்பெனி மீதி போடும் என்று நானாகத்தான் சொன்னேன்.

இருநூறு ஷேர். மாடியேறி வர அவருக்கு நேரமில்லை. கீழே ரோட்டில் ஆட்டோ நின்றது, உள்ளே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போனுக்கு ஓ.டி.பி. வந்தது. ஆறு எண்ணையும் சத்தமாகப் படித்தார், நான் அடித்தேன். பழைய அறுபதும் சேர்ந்து அடகுக்குப் போனது. எல்லாம் முடிய ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. விலை இறங்கினால் நாங்கள் விற்போம் என்று நான் சொல்லவில்லை. மறக்கவும் இல்லை. சொன்னால் யோசிப்பார், யோசித்தால் டார்கெட் போய்விடும் என்று தெரிந்தேதான் விட்டேன்.

4. மேல்மலையனூர்

அமாவாசை அன்று பத்து மணிக்கு சென்னையிலிருந்து ஆர்.எம்.எஸ். கூப்பிட்டது. யார் கணக்கில் எவ்வளவு குறைகிறது என்று கண்காணிக்கிற பிரிவு அது. ரெண்டு மணிக்குள் ஏழுமலை பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் விற்றுவிடுவோம் என்றார்கள்.

ஏழுமலையின் போன் கிடைக்கவில்லை. அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலில் சேருகிற கூட்டத்தில் யார் போனும் கிடைக்காது. அவருக்கு மாசத்தில் அதிகம் ஓடுகிற நாள் அதுதான், விடியற்காலையே அங்கே போயிருப்பார். ஒன்பது தடவை அடித்தேன். பிறகு தரணேந்திரன் சாரிடம், நான் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், நீங்கள் டெர்மினலில் உட்காருங்கள் என்றேன். அவருக்கும் டீலர் சர்ட்டிபிகேட் உண்டு.

"நாம போன் பண்ணோம், ரெக்கார்ட் இருக்குது. நம்ம கடமை முடிஞ்சுதும்மா," என்றார்.

"முடியல சார். அந்தாளுக்கு நாம விப்போம்னே தெரியாது. நான் சொல்லல."

 அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு டெர்மினல் முன்னால் உட்கார்ந்தார்.

ஸ்பெஷல் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். என் நைனா கூலி வேலை செய்தவர். ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, அதற்காக ஏழு வருஷம் ஒரே வீட்டில் வேலை செய்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. நான் பி.காம். படித்ததே அந்தக் கோபத்தில்தான். படித்துவிட்டு நான் செய்திருக்கிற வேலை என்ன என்று அந்த பஸ்ஸில் எனக்கு நன்றாக விளங்கியது. அழுகை வரவில்லை. ரெண்டு மணிக்குள் அவரைப் பிடித்தே ஆகவேண்டும் என்பது மட்டும்தான் மனசில் இருந்தது.

கோயிலுக்கு வெகு தூரத்திலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஆட்டோக்கள் நிற்கிற இடத்தை மூன்று பேரிடம் கேட்டு நடந்தேன். பன்னிரண்டரைக்கு அவரைக் கண்டுபிடித்தேன். செஞ்சிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். சாமி கும்பிட வந்தீங்களாக்கா என்று கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். எதையும் சுற்றி வளைக்கவில்லை. விலை இறங்கினால் விற்பார்கள் என்பதை அன்றே சொல்லியிருக்க வேண்டும், வேண்டுமென்றே சொல்லாமல் விட்டேன், தப்பு என்னுடையது என்றேன். அவர் ஆள் ஏற்றுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட கேக்காம என்துத எப்டிக்கா விப்பாங்க?"

"நீங்க அன்னிக்குச் சொன்ன ஆறு நம்பர் இருக்குதே, அதுதான் அதுக்குச் சம்மதம்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏறியிருந்தவர்களை மன்னிப்புக் கேட்டு இறக்கிவிட்டார். என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு வளத்தி ரோட்டில் ஓட்டினார். கூட்டத்துக்குள் ஊர்ந்து ரெண்டு கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் சிக்னல் வந்தது. ஒரு கரும்புக் கொல்லை ஓரம் நிறுத்தினார். மணி ஒன்று இருபது.

அவரால் செய்ய முடிந்ததைச் சொன்னேன். பணம் கட்டலாம். அல்லது எதை விற்பது என்று அவரே முடிவு செய்து இப்போதே விற்கலாம். ரெண்டும் இல்லாவிட்டால் சென்னையில் இருக்கிறவர்கள் விற்பார்கள், பழைய அறுபதையும் சேர்த்து விற்றாலும் கேட்க முடியாது. பொறுத்திருந்தால் ஏறாதா என்று கேட்டார். ஏறலாம், எப்போது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கு ரெண்டு மணி வரைக்கும்தான் நேரம் இருக்கிறது என்றேன்.

மனைவி வசந்தாவுக்குப் போன் போட்டார். எஃப்.சி. பணத்தைத் தொட்டதை அந்த அம்மாவிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அக்காகிட்ட நீயே பேசு என்று அவரிடம் சொல்லி போனை என்னிடம் நீட்டினார். வசந்தா பிளவுஸ் தைக்கிறவர். பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம் நின்றது. வட்டி எவ்வளவு, இன்றைக்கு விற்றால் கையில் என்ன வரும் என்று கேட்டார். சொன்னேன்.

"கடன்ல வாங்குனத எல்லாம் வித்துடுங்க. அவரு ஓட்டி ஓட்டி வாங்குனது அறுபது, அது அப்டியே இருக்கட்டும். எஃப்.சி.க்கு நான் இன்னா பண்றதுன்னு பாக்கறேன்."

ஏழுமலை தன் வாயால் ஆபீஸ் நம்பருக்கு ஆர்டர் சொன்னார். தரணேந்திரன் சார் திருப்பிப் படித்து உறுதி செய்துகொண்டு போட்டார். ஒன்று ஐம்பதுக்கு இருநூறும் விற்றது.

5. என்மேல் நானே எழுதியது

எஃப்.சி. பணத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. வசந்தா தையலுக்கு முன்பணம் வாங்கியும் எஃப்.சி. எட்டு நாள் தள்ளிப்போனது. அந்த எட்டு நாளும் ஏழுமலை வேறொருவர் வண்டிக்கு ஆக்டிங் டிரைவராகப் போனார். மூன்று, நாலு மாசம் கழித்து அந்த ஷேர் பழைய விலைக்கே வந்தது. அன்றைக்கு விற்றிருக்க வேண்டாமே என்று ஒருநாள் வந்து கேட்டார். ஆமாம், பொறுக்க முடிந்திருந்தால் நஷ்டமில்லை, கடனில் வாங்கியவருக்குப் பொறுக்கிற உரிமை இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அமாவாசைக்கு மறுநாள் நான் ஹெட் ஆபீஸுக்கு ஒரு மெயில் எழுதினேன். நிபந்தனைகளைச் சொல்லாமல் ஓ.டி.பி. வாங்கினேன், வாடிக்கையாளரிடம் வாங்கிய வட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று. அனுப்புவதற்கு முன் தரணேந்திரன் சாரிடம் காட்டினேன்.

"உன்மேல நீயே எழுதிக்குவியா செல்வி? வேலை போயிடும்மா."

போனால் போகட்டும் என்றேன். அவர் தடுக்கவில்லை. ஒரு மாசம் கழித்து எனக்கு வார்னிங் லெட்டர் வந்தது, அந்த வருஷ இன்சென்டிவ் நின்றது. நான் விடாமல் மூன்று மெயில் போட்ட பிறகு ஏழுமலையின் வட்டி திரும்பி வந்தது. சின்னத் தொகைதான். அவர் மாடியேறி வந்து கணக்கில் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, நன்றி சொல்லாமல் இறங்கிப் போனார். அதுதான் சரி.

அதற்குப் பிறகு எம்.டி.எஃப். கேட்டு வருகிற யாராக இருந்தாலும் நேரில் வந்து எதிரில் உட்காரச் சொல்கிறேன். எப்போது விற்போம், எதை விற்போம், அவரைக் கேட்காமலே விற்போம் என்று படித்துக் காட்டுகிறேன். அவர் தன் வார்த்தையில் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் ஓ.டி.பி. கேட்பேன். பாதிப் பேர் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். எங்கள் பிராஞ்ச் அந்த டார்கெட்டை ஒருமுறைகூட எட்டியதில்லை. சாரும் இப்போதெல்லாம் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

டெல்லி என்ன முடிவு எடுக்கும் என்று வாடிக்கையாளர் உங்களிடம் கட்டாயம் கேட்பார். தெரியாது என்று சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர் படித்துச் சொல்கிற ஆறு எண் எதற்குச் சம்மதம் என்று அவருக்குத் தெரியாமல் இருந்தால், கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.