மோதிரத்தால் தட்டியவர்

ஈப்போவில் மரம் வெட்டுவது என் தொழில். செமோர் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் அடிக்கட்டைகளைத் தோண்டித் தோண்டி என் இடுப்பு போய்விட்டது. கட்டையை அரைத்துத் தள்ளும் கருவி பூட்டிய சின்ன லோடர் ஒன்று வாங்க நினைத்தேன். சக்கரத்தில் ஓடுவதா, டாங்கி போலப் பட்டையில் ஓடுவதா? ஒரு மாதம் யூடியூப் பார்த்து நன்றாகக் குழம்பிய பிறகு ஷோரூமுக்குப் போனேன்.

அங்கே ஒருவர் இருந்தார். மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒவ்வொரு லோடரையும் மோதிரத்தால் ‘டங்’ என்று தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு நகர்ந்தார். பெரிய கொன்ட்ரெக்டர் என்று நானே முடிவு செய்து, பின்னாலேயே நடந்தேன்.

“அண்ணே, ரப்பர் கட்டைக்கு எது நல்லது?”

பட்டையில் ஓடுவதை இன்னொரு முறை தட்டினார். “இதுதான் கெட்டியா இருக்கு லா.”

உடனே அதை வாங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிறகுதான் கேட்டேன், “அண்ணே, நீங்க எத்தன மெஷின் வச்சிருக்கீங்க?”

“மெஷினா? பக்கத்து கிளினிக்ல நம்பர் எடுத்துட்டுக் காத்திருக்கேன். இங்கதான் ஏர்கோன் நல்லா குளுகுளுன்னு இருக்கு.”

கையெழுத்துப் போட்ட தாளை இன்னொரு முறை பார்த்தேன். ஆனால் அந்த லோடர் இன்றுவரை சேற்றில் ஒரு தடவைகூடப் புதைந்ததில்லை. அவரை மெச்சுவதா, என்னை நொந்துகொள்வதா, தெரியவில்லை.

போன வாரம் உதிரிப்பாகம் வாங்க அங்கே போனேன். புது லோடரைக் கண்டதும் என் கை தானாகவே தட்டியது, காதும் சாய்ந்தது. பின்னாலிருந்து ஒரு குரல் மரியாதையாகக் கேட்டது:

“அண்ணே, எது நல்லது?”