லிஃப்ட்காரர் சம்சாரம் லிஃப்ட்டில் ஏறுவதில்லை

பேய்ப் படம் என்றாலே லிஃப்ட்காரருக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிடும். பேய் மேல் அல்ல, படம் எடுத்தவர்கள் மேல். "ஏன்யா, இந்தப் பேய்க்கு வேற இடமே கிடைக்கலையா? சமையல்கட்டு இருக்கு, மொட்டை மாடி இருக்கு. எல்லாத்தையும் விட்டுட்டு லிஃப்ட்லயே வந்து நிக்குதே!" என்று டிவியைப் பார்த்துக் கத்துவார். விளக்கு மினுக்கி மினுக்கி எரியும். இரண்டு மாடிக்கு நடுவே பெட்டி நின்றுவிடும். கதவு தானாகத் திறந்தால் எதிரே மொட்டைச் சுவர். பார்ப்பவர்கள் பயத்தில் அலறுவார்கள், இவருக்கோ மானம் போகும். "அது அப்படித் திறக்காதுய்யா! பூட்டு இருக்குய்யா அதுக்கு!" என்பார். பேய் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தன் வேலையைப் பார்க்கும்.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. மீசை அரும்பாத வயதில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்தவர். இரும்புக் கயிற்றுச் சுருளைத் தோளில் சுமந்து சுமந்து மெக்கானிக் ஆனவர். மற்றவர்கள் லிஃப்ட்டுக்கு உள்ளே ஏறி இறங்குவார்கள். இவர் வாழ்க்கையில் பாதி லிஃப்ட் பெட்டியின் தலை மேல் நின்று போனது, மீதி பெட்டிக்கு அடியில் இருக்கும் குழியில் குந்திப் போனது. முதன்முதலில் தானே பொறுப்பேற்று அவர் பொருத்திய லிஃப்ட், இப்போது அவர் குடியிருக்கும் ஆறு மாடிக் கட்டடத்தில்தான் ஓடுகிறது. அதற்காகவே ஆறாம் மாடியில் வீடு பிடித்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? காலையில் வேலைக்குப் போகும்போது அதன் கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவார். இன்றுவரை அதில் ஒருவர்கூடச் சிக்கிக்கொண்டு கத்தியதில்லை. இதை அவர் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

அவர் மனைவி வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். பேய்ப் படத்தை அவள் சிரிப்புப் படமாகத்தான் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கண்ணைப் பொத்தும் இடத்தில் இவள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். "பாவம், தலை வாரிவிடக்கூட ஆள் இல்லை போல" என்பாள். "இவ்வளவு வெள்ளைத் துணியைத் தரையில இழுத்துக்கிட்டு அலையுதே, ஓரம் மடிச்சுத் தைக்கக் கூடாதா?" என்பாள். தான் எந்தப் பேய்க்கும் பயப்படாதவள் என்பதில் அவளுக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. லிஃப்ட்காரருக்கு அது பிடிக்கும்.

ஆனால் பொம்மைப் படம் என்றால் கதை தலைகீழ். குழந்தைகளோடு குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே எடுக்கிறார்களே, குட்டி மானும் குட்டி மீனும் பாட்டுப் பாடுகிற படங்கள், அவற்றை லிஃப்ட்காரர் வாயெல்லாம் பல்லாகப் பார்ப்பார். "இதுதான்யா படம்! யாருக்கும் கெடுதல் இல்லை, லிஃப்ட்டும் இல்லை" என்பார். அவளோ படம் ஆரம்பித்ததுமே சமையல்கட்டுக்குப் போய்விடுவாள். "முதல்ல அம்மாவோ அப்பாவோ சாகட்டும், அப்புறம் கூப்பிடுங்க" என்று அங்கிருந்து குரல் வரும். கேலி செய்தால் ஒரே பதில்தான். "பேய்ப் படத்துல செத்தவங்க திரும்பி வருவாங்க. பொம்மைப் படத்துல போனவங்க போனவங்கதான். இந்த ரெண்டுல எதுக்குங்க பயப்படணும்? நீங்களே சொல்லுங்க."

அவர் மெல்ல எழுந்துவிடுவார். போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வருவார்.

அந்த விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். பெண் வயிற்றுப் பேத்தி, பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது. அவள் இருந்த நாட்களில் வீட்டில் இரண்டு படங்கள் ஓடின. ஒன்று, பேத்தி தூங்கிய பிறகு பெரியவர்கள் பார்த்த பேய்ப் படம். அதில் ஈரத் தலையோடு ஒருத்தி லிஃப்ட் மூலையில் நிற்கிறாள். லிஃப்ட்காரர் வழக்கம்போல் கத்தித் தீர்த்தார். இன்னொன்று பேத்திக்காகப் போட்ட எலிப் படம். மணிக்கூண்டில் குடியிருக்கும் ஒரு எலிக் குடும்பம். அப்பா எலிதான் கடிகாரத்துக்கு மெக்கானிக். தலையில் மஞ்சள் தொப்பி, இடுப்பில் ஸ்பேனர். பேத்தி பாட்டியின் மடியில் உட்கார்ந்துவிட்டதால், அன்று அவளால் சமையல்கட்டுக்குத் தப்பி ஓட முடியவில்லை.

"தாத்தா மாதிரியே இருக்கு!" என்று பேத்தி கைதட்டினாள். லிஃப்ட்காரர் எழுந்து போய்த் தன் மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டே வந்துவிட்டார். அப்பா எலி, "ரெண்டு நிமிஷ வேலை, வந்துடுறேன்" என்று குட்டிகளிடம் சொல்லிவிட்டுக் கடிகாரத்தின் எடைக்கட்டிகள் தொங்கும் குழிக்குள் இறங்கியது. கடிகாரம் மணி அடித்தது. மஞ்சள் தொப்பி மட்டும் உருண்டு வந்தது.

பேத்தி அழுதாள், பிறகு எலிக்குட்டிகள் பாடியதும் சிரித்தாள். பாட்டி அவளை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தாள். லிஃப்ட்காரர் ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நல்ல படம் என்று தீர்ப்புச் சொன்னார்.

பேத்தி ஊருக்குப் போன மறு வாரம் மூன்றாம் மாடி டீச்சர் அவரை வாசலில் நிறுத்தினார். "உங்க வீட்டம்மா துணி மூட்டையோட படியில ஏறிப் போறாங்களே. லிஃப்ட்டுக்கு ஏதாவது ஆச்சா?"

"லிஃப்ட்டுக்கா? என் லிஃப்ட்டுக்கா?"

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "ஏம்மா, படியில ஏறுறியாமே?"

"கால் ஓடும்போதே ஏறிக்கிறேன். உங்களுக்கு என்ன?"

"அந்த ஈரத்தலைப் பேயைப் பாத்துப் பயந்துட்டியா?"

அவள் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "நானாவது, பேய்க்குப் பயப்படறதாவது!"

அவருக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். வீம்புக்காரி, ஒத்துக்கொள்ள மாட்டாள். நாம்தான் பயத்தைப் போக்க வேண்டும் என்று களத்தில் இறங்கினார். லிஃப்ட்டுக்குள் பழைய பல்பைக் கழற்றிவிட்டுக் கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம் போட்டார். மூலையே இருட்டாக இருக்கக் கூடாதென்று பின்சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்தார். அவள் வந்து பார்த்தாள். "கண்ணாடி நல்லா இருக்குங்க" என்றாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியில் ஏறிப் போனாள்.

ஒரு விஷயம்தான் அவருக்குக் கொஞ்சம் உதைத்தது. ஞாயிற்றுக்கிழமை அவரோடு கடைக்குக் கிளம்பினால் மட்டும் பேசாமல் லிஃப்ட்டில் வருவாள். கண்ணாடியில் தலையைக்கூடச் சரிசெய்துகொள்வாள். துணைக்கு ஆள் இருந்தால் பேய் வராதாக்கும் என்று அவர் அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். திங்கட்கிழமை மறுபடியும் படிதான்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் படி ஏறுவதைப் பார்த்து இரண்டாம் மாடி படி ஏறியது. அதைப் பார்த்து நாலாம் மாடி ஏறியது. லிஃப்ட்காரர் சம்சாரமே அதில் ஏறுவதில்லை என்றால் உள்ளே என்னவோ கோளாறு இருக்கிறது, மனுஷன் மூடி மறைக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. கடைசியில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கூட்டம் போட்டுவிட்டார். லிஃப்ட்டைப் பராமரிக்கும் பொறுப்பை வேறு ஆட்களிடம் கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் பேச்சு.

ஞாயிறு காலை, கீழே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எல்லோரும் கூடினார்கள். லிஃப்ட்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தார். முகம் செத்திருந்தது. தன் கையால் பொருத்திய லிஃப்ட்டை இன்னொருவன் கையில் கொடுப்பதா? அதுவும் வீட்டுக்காரியால்?

"தப்பா எடுத்துக்காதீங்க லிஃப்ட்காரரே" என்று செயலாளர் இழுத்தார். "உங்க வீட்லயே நம்பிக்கை இல்லைன்னா, நாங்க எப்படி நம்புறது?"

மூன்றாம் மாடி டீச்சருக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை. "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறணும்னு சொல்வாங்க. இவங்க லிஃப்ட்காரருக்கு வாக்கப்பட்டும் படி ஏறுறாங்களே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. லிஃப்ட்காரர் எழுந்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். அவருடைய அத்தனை வருஷப் பெருமையும் அந்தச் சிரிப்பில் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் பின்வரிசையில் இருந்த அவள் எழுந்தாள்.

"லிஃப்ட்டுல ஒரு குறையும் இல்லை. இவர் பூட்டின லிஃப்ட்டுல குறை சொல்ல முடியுமா?" என்றாள். குரலில் கோபம் இருந்தது. "இவர் வீட்ல இருக்கிற அன்னிக்கு நான் லிஃப்ட்லதான் வரேன். இப்பவும் அதுலதான் இறங்கி வந்தேன். இவர் வேலைக்குப் போயிருக்கும்போதுதான் ஏறுறதில்லை."

"அதான் ஏன்னு கேக்குறோம்" என்றார் செயலாளர்.

அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். "வாயால சொன்னா நடந்துடுமோன்னுதான் வீட்லகூடச் சொல்லலை. இவர் எந்தக் கட்டடத்துல எந்தக் குழியில குந்தியிருக்காரோ, எனக்குத் தெரியாது. இங்க நான் பட்டனை அழுத்துறேன். பெட்டி கடகடன்னு இறங்குது. எனக்கு அது இவர் தலை மேல இறங்குற மாதிரியே இருக்கு. வேற லிஃப்ட்தான், தெரியுது. ஆனா விரல் போக மாட்டேங்குது. இவர் வீடு வந்து சேருற வரைக்கும் என்னால அந்தப் பட்டனைத் தொட முடியலை. ஒரு எலிப் படம் பாத்தேன். அன்னிலேர்ந்துதான் இப்படி."

"எலிப் படமா? குழந்தைங்க பாக்குற பொம்மைப் படமா?" செயலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆமா சார். பேய்ப் படம்னா நானும் உங்களை மாதிரி சிரிச்சிருப்பேன். இதுல போனவங்க திரும்ப வர மாட்டாங்க."

மூன்றாம் மாடி டீச்சர் மூக்கை உறிஞ்சுவது எல்லோருக்கும் கேட்டது. லிஃப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மஞ்சள் ஹெல்மெட்டோடு அன்று தான் ஆடிய ஆட்டம் கண் முன் வந்தது. துணி மூட்டையோடு ஆறு மாடி ஏறும் அந்தக் கால்களை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார். சிரித்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, 'கேட்டீங்களா, கேட்டீங்களா' என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. செயலாளர் தொண்டையைக் கனைத்து, லிஃப்ட் விஷயம் முடிந்தது, இனி தண்ணீர்த் தொட்டி விஷயத்துக்கு வருவோம் என்றார்.

கூட்டம் முடிந்து இருவரும் லிஃப்ட்டில் ஏறினார்கள். கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தார்கள்.

"நான் வேலை செய்யும்போது பவரை நிறுத்திட்டுத்தான் குழியில இறங்குவேன். வாசல்ல 'வேலை நடக்குது'ன்னு பலகை மாட்டுவேன். பைத்தியம், இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்றார், குரலை மெதுவாக்கிக்கொண்டு.

"எல்லா வேலைக்குமா?"

அவர் ஆறாம் மாடிப் பட்டனை அழுத்தினார்.

"ரெண்டு நிமிஷ வேலைன்னா பலகையும் கிடையாது, பவரை நிறுத்துறதும் கிடையாது. அதைப் பெருமையா நீங்கதான் சொல்லுவீங்க. அந்த எலியும் ரெண்டு நிமிஷம்னுதான் சொல்லிட்டுப் போச்சு" என்றாள். கூட்டத்தில் இதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் பெயர் அங்கேயே கெட்டிருக்கும். அது அவருக்கு நன்றாகப் புரிந்தது. ஆறாம் மாடி வந்து கதவு திறந்தும் இருவரும் சற்று நேரம் இறங்கவில்லை.

அதன் பிறகு இரண்டு நிமிஷ வேலை என்ற பேச்சு அவர் வாயில் வரவில்லை. ஒரு திருகாணியை முடுக்குவதற்கும் பவரை நிறுத்தினார், பலகையை மாட்டினார். குழியிலிருந்து மேலே வந்ததும் கையைத் துடைக்காமலேயே வீட்டுக்குப் போன் செய்து, "ஏறிட்டேன்" என்பார். "சரி" என்று அவள் வைத்துவிடுவாள். அப்போதும் அவள் படியில்தான் ஏறினாள். அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் அவர் வந்த பிறகுதான் லிஃப்ட்டில் இறங்கிப் போய்க் கடைச் சாமான் வாங்கி வருவாள்.

ஒரு நாள் கம்பெனியில் மெக்கானிக்குகள் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். காற்றுவாக்கில் விஷயம் அங்கேயும் வந்து சேர்ந்திருந்தது. ஒருவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கேட்டார். "என்ன அண்ணே, உங்க சம்சாரம் லிஃப்ட்ல ஏறுறதில்லையாமே?"

லிஃப்ட்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"ஆமாய்யா. நான் முழுசா வீடு வந்து சேருற வரைக்கும் என் சம்சாரம் லிஃப்ட்ல ஏற மாட்டா. ஆறு மாடியும் நடந்துதான் ஏறுவா" என்றார். பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டார். "உங்க வீட்ல எப்படி?"