கை தூக்கினால் நிற்கும் வண்டி

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அந்த மனிதருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பிரேக் மாமா. சாலையோரம் யார் கை தூக்கினாலும் நின்றுவிடுவார். ஒருத்தர் தலை சொறியத் தூக்கிய கைக்கும் நின்றிருக்கிறார். "இன்னிக்கும் லேட்டா?" என்று பெற்றோர் திட்டினால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவார். பன்னிரண்டு வருடமாக இதே கூத்து.

அதற்கு முன்னால் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. இந்த வருடம் முன்னாள் படைவீரர்களைக் கௌரவிக்கும் நாளுக்குத் தலைமையாசிரியை அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பேசியே ஆகணும் மாமா. எங்க அப்பாகூட ராணுவத்துல லாரி ஓட்டினவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம். பிள்ளைங்க தெரிஞ்சுக்கட்டும்."

இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். சரி என்று தலையாட்டிவிட்டார்.

அவளுடைய அப்பா செத்த விதத்தைப் பற்றி அந்த வீட்டில் அவர் சொல்லிவைத்தது இவ்வளவுதான்: "குண்டு விழுந்ததுமே உயிர் போயிடுச்சு. வலியே தெரிஞ்சிருக்காது." அது பொய். மேடையில் வாய் தவறினால் முப்பத்தேழு வருடப் பொய் சந்திக்கு வந்துவிடும்.

அந்த நாளும் வந்தது. டயர், இன்ஜின், மலைப்பாதை என்று எதையெதையோ பேசி ஒப்பேற்றிவிட்டார். இறங்கப் போகும்போது ஒரு சிறுமி எழுந்தாள்.

"மாமா, யாரு கை தூக்கினாலும் ஏன் நிக்கிறீங்க?"

மண்டபமே சிரித்தது. முதல் வரிசையில் தலைமையாசிரியையும் சிரித்தாள். வழக்கமாகச் சொல்லும் சாக்கு ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"லாரிங்க வரிசையாப் போறப்ப யாருக்காகவும் நிக்கக் கூடாதும்மா. ஒருத்தன் நின்னா பின்னாடி வர்ற அத்தனை பேரும் மாட்டிக்குவாங்க. அது உத்தரவு. எனக்கு முன்னாடி போன லாரி மேல குண்டு விழுந்துச்சு. அதை ஓட்டினவன் என் சிநேகிதன். ஊர்ந்து ரோட்டோரம் வந்து கையைத் தூக்கினான். நான் நிக்கல. திரும்பி வந்தப்ப உயிர் இல்ல."

யாரும் கைதட்டவில்லை. முதல் வரிசைப் பக்கம் பார்க்காமலே இறங்கி வந்துவிட்டார்.

பள்ளி விட்டதும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். வாசலைத் தாண்டியதும் சாலையோரம் தலைமையாசிரியை கையைத் தூக்கியபடி நின்றாள். கால் தானாகப் பிரேக்கில் விழுந்தது. வேலை போனால் போகட்டும், அவள் முகத்தைப் பார்க்கத்தான் பயம்.

அவள் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது.

"அப்பா எவ்வளவு நேரம் கையைத் தூக்கிட்டே இருந்தாரு?"

"கண்ணாடியில பாத்தேன்மா. வளைவு வர்ற வரைக்கும் கையை இறக்கல."

அவள் வேனின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"பிள்ளைங்களை இறக்கிட்டு எங்க வீட்டுக்கு விடுங்க மாமா. அம்மா இருக்காங்க. நீங்களே சொல்லிடுங்க."

கியரைப் போட்டு வண்டியை எடுத்தார். வழியில் யாராவது கை தூக்க மாட்டார்களா, கொஞ்ச நேரம் நிற்க மாட்டோமா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அன்றைக்கென்று ஒருவரும் கை தூக்கவில்லை.