ஞானையா குளிர்விக்கக் குளிர்விக்கச் சுட்ட காற்று

குளிரைக் காவல் காப்பதே ஞானையாவின் பிழைப்பாக இருந்தது. பதினான்கு ஆண்டுகள் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் பிளாண்டில்; அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் கன்டெய்னர் யார்டில். கால் வைக்க முடியாத வெயிலில் வரிசையாக நிற்கும் குளிர்ப்பெட்டிகளுக்குள் இறாலும் கணவாயும் கல்லாய் உறைந்து கிடக்க, ஒவ்வொரு பெட்டியின் முன்னும் நின்று டிகிரியைப் பார்த்து அட்டையில் குறித்துவிட்டு அடுத்ததற்கு நகர்வார். கம்ப்ரசரின் ஒலி சற்றே மாறினாலும் பத்துப் பெட்டிக்கு அப்பாலிருந்து திரும்பிப் பார்ப்பார் என்று உடன் வேலை பார்த்தோர் சொல்வதுண்டு.

பின்னர், பெட்டிகளின் டிகிரி தாமாகவே ஒரு திரையில் சென்று விழும் ஏற்பாடு வந்தது. நடந்து சென்று பார்ப்பவர் எவரும் வேண்டியிருக்கவில்லை. ஐம்பத்து நான்கு வயதில் ஞானையா வீட்டில் அமர்ந்தார். ஐந்து மாதம் கழிந்தபோது, திருச்செந்தூர் சாலையில் கார்ப் பட்டறை நடத்தும் கிளைட்டன் ஆளனுப்பி அழைத்தார்.

பட்டறையில் நீல நிறக் கார் ஒன்று மூடி திறந்து நின்றது. அதன் உரிமையாளர் அஃப்ஸல், காயல்பட்டினத்துக்காரர். துபாயிலிருந்து இரண்டு மாத விடுப்பில் வந்திருந்தார்.

“அண்ணாச்சி, இதுல சூப்பர்சார்ஜர் இருக்கு. காத்தை அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளும். அமுக்குனா காத்து சூடாவும்லா?” என்றார் கிளைட்டன்.

“ஆமா, நம்ம கம்ப்ரசர் மாதிரி.”

“அதேதான். அந்தச் சூட்டை எடுக்க இன்டர்கூலர்னு ஒண்ணு. அதுக்குள்ள தண்ணி சுத்தும். பின்னாடி டிக்கில தண்ணி டேங்கு, பம்பு எல்லாம் இருக்கு. ஆனா நம்மூரு வெயிலுக்குப் பத்தல. மூணு ஓட்டம் ஓட்டுனா காத்து எம்பத்திரண்டு டிகிரி. உடனே காரோட கம்ப்யூட்டரு பயந்துபோயி பவரைக் குறைச்சிருது. நீங்க குளிரு பார்த்த ஆளு. இதைச் சரி பண்ணிக் காட்டுங்க. பொறவு தினமும் இங்கனயே வந்துருங்க.”

ஐந்து மாதமாக ஒருவரும் சொல்லாத சொல் அது. ஞானையா மூன்று நாளில் வேலையை முடித்தார். டிக்கியிலிருந்த அலுமினிய டேங்கைச் சுற்றிப் படகில் மீன் போடும் தெர்மாகோல் பெட்டி ஒன்றை வெட்டிப் பொருத்தினார். டேங்கிலிருந்த பச்சை நிறக் கூலண்டை வடித்துவிட்டு நல்ல தண்ணீரை நிரப்பினார். சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீரே வல்லது என்பதை அவர் அறிவார். பின் பெட்டிக்குள் நொறுக்கிய ஐஸைக் கொட்டி, அதன்மேல் கல்லுப்பைப் பிடி பிடியாகத் தூவினார். உப்பிட்ட ஐஸ் வெறும் ஐஸைவிடப் பன்மடங்கு குளிரும். பதினான்கு ஆண்டுகள் அவர் கைகளில் ஊறிய பழக்கம்.

கிளைட்டனுக்குத் தெரிந்தவரின் உப்பளத்திற்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் நேராக ஓடும் தனிப்பாதையில் காரை ஓட்டிப் பார்த்தார்கள். காலை பத்து மணி. முதல் ஓட்டத்தில் காற்று முப்பத்தொன்பது டிகிரிக்குமேல் ஏறவில்லை.

“யா அல்லாஹ்! மச்சான், அண்ணாச்சி கையைப் பிடிச்சு முத்தங் குடுக்கணும்போல இருக்கு,” என்றார் அஃப்ஸல்.

இஞ்சின் ஆறட்டும் என்று காரை நிறுத்திவிட்டு, பாத்திகளின் ஓரத்தில் அரைமணி நேரம் டீ குடித்தார்கள். இரண்டாம் ஓட்டத்தில் எழுபது. மூன்றாவதில் நூற்று நான்கு.

மூவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றனர். ஞானையா டிக்கியைத் திறந்து ஐஸுக்குள் தெர்மாமீட்டரைச் சொருகினார். பூஜ்யத்திற்குக் கீழே பன்னிரண்டு. பம்பின்மேல் கை வைத்தார், ஓடிக்கொண்டிருந்தது. குளிர் இருக்கிறது, பம்பு ஓடுகிறது, காற்று மட்டும் கொதிக்கிறது. ஐஸ் போதவில்லை போலும் என்று மேலும் கொட்டினார். உப்பை இரு மடங்காக்கினார். அரைமணி கழித்து ஓட்டியபோது நூற்றுப் பன்னிரண்டு.

“ஐஸு வைக்க வைக்கச் சூடாவுது. அப்போ அடுத்தவாட்டி அடுப்பு வச்சுப் பார்ப்பமா அண்ணாச்சி?” என்று சிரித்தார் அஃப்ஸல். கிளைட்டன் சிரிக்கவில்லை. அதுதான் ஞானையாவை அதிகம் உறுத்தியது.

காற்றின் சூட்டை அளக்கும் சென்சார் பொய் சொல்கிறது என்று கருதி அதை மாற்றினார்கள். புதியதும் அதையே சொன்னது. மறுநாள் காலையில் ஐஸ் முழுதும் கரைந்து, பெட்டிக்குள் உப்புநீர் தளும்பிய நிலையில் கிளைட்டன் வேறு எதையோ சோதிக்கக் காரை ஓட்டிவிட்டு வந்து, “ஐம்பத்தெட்டு” என்றார். ஐஸே இல்லை, காற்று குளிர்ந்திருக்கிறது. இருபத்தேழு ஆண்டுகள் தாம் அறிந்திருந்த குளிர் எது, இது எது என்று ஞானையாவுக்கு விளங்கவில்லை.

நண்பகலில் வீட்டுக்கு வந்தவர் தட்டின் முன் அமர்ந்து உண்ணாதிருந்தார்.

“என்னத்தப் போட்டு ரோசிச்சிக்கிட்டே இருக்கிய? சோறு ஆறுது,” என்றாள் அவர் மனைவி தேவமணி.

“ஆறட்டும். ஏதாவது ஒண்ணு ஆறுனாச் சரி.”

“நல்லாத்தான் இருக்கு. மிஞ்சிப்போனா அவிய வேலை இல்லை, போங்கன்னு சொல்லப் போறாவ. அதுக்குச் சோத்து மேல ஏன் கோவம்?”

அன்று மாலை பட்டறையில் கிளைட்டன் கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்றார். ‘கடைசியாக’ என்பதை அவர் இயல்பாகவே சொன்னார். ஞானையா மீண்டும் ஐஸும் உப்பும் நிரப்பினார். வேறு செய்ய அவருக்குத் தெரியவில்லை. அஃப்ஸல் வந்து சேர அரைமணிக்கு மேலாயிற்று. அதற்குள் கிளைட்டன் போனில் யாரோடோ பேசியபடி வாசலுக்குப் போய்விட்டார். ஞானையா தனியே நின்றார். பம்பை ஓடவிட்டுக் காது கொடுத்தார். ஓடும் பம்பின் ஒலியில் பளு இல்லை. தண்ணீரை இழுக்காத மோட்டாரின் வெற்றொலி. உப்பளத்தில் இஞ்சின் இரைச்சலில் இதைக் கேட்டிருக்க முடியாது.

பம்பை நிறுத்திவிட்டு, ஐஸை விலக்கி, டேங்கின் அடியில் இணைந்த ரப்பர் குழாயைக் கழற்றினார். தண்ணீர் கொட்டவில்லை. குழாயின் வாய்க்குள் வெண்மையாக ஏதோ அடைத்திருந்தது. வளைத்து அழுத்தியபோது விரல் நீளத்திற்கு ஓர் ஐஸ் உருளை அவர் உள்ளங்கையில் விழுந்தது.

ஐஸ் பிளாண்டில் பெருந்தொட்டி நிறையக் குளிர்ந்த உப்புநீர் இருக்கும். அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரப் பெட்டிகளை இறக்குவார்கள். உப்புநீர் உறையாது, நல்ல தண்ணீர் உறைந்து கட்டியாகும். பல்லாயிரம் முறை அவர் இறக்கி ஏற்றிய பெட்டிதான் இந்த அலுமினிய டேங்க். முதல் ஓட்டத்தில் உறைய நேரமில்லை; டீ குடித்த அரைமணியில் பம்பு நின்றிருக்க, அசையாத தண்ணீர் குழாய் வாயில் உறைந்துவிட்டது. அன்று காலை ஐஸோடு அந்த அடைப்பும் கரைந்திருந்ததால்தான் காற்று குளிர்ந்தது. கூலண்டை வடித்ததும் அவரே. அது இருந்திருந்தால் இத்தனை எளிதில் உறைந்திராது. குளிர்விக்கச் சொன்ன இடத்தில் அவர் ஐஸ் செய்திருக்கிறார்.

உள்ளங்கையில் அது உருகத் தொடங்கியது. வாசலில் கிளைட்டன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். உருகி முடிந்தால் ஒன்றுமில்லை. உப்பை மட்டும் கழுவி விட்டு, குழாயை மாட்டி, எங்கோ காற்று அடைத்திருந்தது, எடுத்துவிட்டேன் என்று சொன்னால் போதும். நம்புவார்கள். உண்மையைச் சொன்னால், இருபத்தேழு ஆண்டுக் குளிர்க்காரன் தன் தொழிலிலேயே தவறினான் என்றாகும். நாளை வரவேண்டாம் என்றும் ஆகலாம். விரல்களின் இடையே நீர் சொட்டியது. உருளை பென்சில் அளவுக்கு மெலிந்தது.

அவர் வாசலுக்கு நடந்தார்.

“தம்பி, போனை வையிங்க. இது கரைஞ்சிரும்.”

கிளைட்டன் திரும்பி அந்த ஈரக் கையைப் பார்த்தார். “என்னது அண்ணாச்சி?”

“உங்க காருக்குள்ள நான் போட்ட ஐஸு. உப்பு போட்டது தப்பு. தண்ணி உறைஞ்சு குழாய அடைச்சிட்டு. பம்பு வெறுமன சுத்துச்சு. அதுவும் கெட்டிருக்கும்.”

கிளைட்டன் போனைப் பையில் போட்டுவிட்டு, டிக்கியருகே போய்க் கழற்றிய குழாயை எடுத்துப் பார்த்தார். அப்போது வந்து சேர்ந்த அஃப்ஸல் கதையைக் கேட்டுவிட்டு, காரின்மேல் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். “துபாய்ல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான் மச்சான், காருக்குள்ள ஐஸு பிளாண்ட் வச்ச கதை.”

பம்பைக் கழற்றிப் பார்த்ததில் உள்ளே தண்ணீரைத் தள்ளும் இலைகளில் இரண்டு ஒடிந்திருந்தன. வேறு பம்பு மாட்டி, உப்பு இல்லாத வெறும் ஐஸ் நிரப்பி, மறுநாள் உப்பளப் பாதையில் நின்று நின்று மூன்று முறை ஓட்டினார்கள். நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று, நாற்பத்தேழு. பட்டறைக்குத் திரும்பியதும் கிளைட்டன் எண்களைச் சுவரில் மாட்டியிருந்த பலகையில் எழுதினார். யாரும் ஞானையாவைப் பாராட்டவில்லை, திட்டவும் இல்லை.

ஐஸ் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புறப்படுகையில் கிளைட்டன் சொன்னார்: “காலைல ஒம்பது மணிக்கு வந்துருங்க அண்ணாச்சி.”

“எதுக்கு தம்பி?”

“எதுக்கா? மதுரையில இருந்து ஒரு காரு வருது. அதுவும் சூடாவுதாம்.”

“நான்தான் பம்பைக் கெடுத்தேனே.”

“ஆமா, கெடுத்திய,” என்றார் கிளைட்டன், கையைத் துடைத்தபடி. “ஒம்பது மணி.”

பஸ்ஸில் வரும்போது ஞானையா அதை எப்படியெல்லாமோ புரட்டிப் பார்த்தார். சரி செய்ததற்காகவா, தவறைச் சொன்னதற்காகவா, அன்றி வேறு ஆள் கிடைக்காமலா? ஒன்றும் பிடிபடவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்து இரண்டு நிறுத்தம் போனபிறகே அவர் எழுந்தார்.