இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேட்ட பாட்டு

என் கணவர் ஓட்டிய அம்பாசடர் இன்னும் ராயபுரத்தில் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. அவர் போன பிறகு என் மகள் ஓட்டுகிறாள். டிரைவர் சீட்டுக்கு அடியில் செங்கல் அளவில் ஒரு அலுமினியப் பெட்டி இருக்கும். அதுதான் ஆம்ப்ளிஃபயர். கேசட் செட்டிலிருந்து வரும் சன்னமான சத்தத்தைப் பெரிதாக்கிப் பின்னால் உள்ள ஸ்பீக்கர்களுக்கு அனுப்புவது அதன் வேலை. பர்மா பஜாரில் மூன்று நாள் அலைந்து அவர் பொறுக்கி வந்தது.

போன வருஷம் ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"யம்மா, பூசைக்குள்ள இது ஒயுங்கா பாடணும். இல்லாங்காட்டி கயட்டிக் கடாசிட்டு புது செட்டு போட்டுடுவேன். அப்பா ஒயர நோண்டிக் கெடுத்த பெட்டிய எத்தினி நாளைக்கு வெச்சிகினு கீறது?"

அப்பா கெடுத்தார் என்பதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். வண்டி நின்றிருந்தால் அந்தச் செட்டு நன்றாகப் பாடும். இன்ஜின் ஓடினால் பாட்டோடு ஒரு ஊளை சேர்ந்துகொள்ளும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஊளையும் ஏறும். அவர் இருந்த காலத்திலேயே ஆரம்பித்தது அது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அவர் ஸ்பீக்கர் ஒயரை மாற்றியிருந்தார். "தெரியாத வேலைல இன்னாத்துக்குயா கைய வெக்கற?" என்று நான் பிடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் அவர் ஒயரைத் தொடவில்லை.

ஆனால் பாட்டை விடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னை ஏற்றிக்கொண்டு எண்ணூர்ப் பக்கம் கடலோர ரோட்டில் போவார். பாறாங்கல் கொட்டிய இடம் வந்ததும் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துவார். ஊளை அடங்கும். பாட்டும் அலையும் மட்டும் இருக்கும். கேசட்டின் ஒரு பக்கம் முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்போம். ஒருநாள் பேட்டரி இறங்கி வண்டி கிளம்பவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நாலு பேர் வந்து தள்ளினார்கள். "இன்னா நைனா, பாட்டு கேட்டே பேட்டரிய குட்ச்சிட்டியா?" என்று ஒருவன் கேட்டான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும்தான் தள்ளினேன்.

அப்படிப்பட்ட பெட்டியைக் கடாச விடுவேனா? அடுத்த தெருவில் டி.வி., ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவரைக் கூப்பிட்டு, என் வீட்டுக்காரர் ஒயரை நோண்டிக் கெடுத்தது என்று சொன்னேன். பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோய் ஒரு பேட்டரியில் இணைத்தார். சுத்தமாகப் பாடியது. இருந்தாலும் காய்ந்துபோன கண்டென்சர்களை மாற்றி வண்டியில் பொருத்தினார். ஊளை. திரும்பக் கழற்றி, கரண்ட் வருகிற ஒயரில் இரைச்சலை வடிகட்ட ஒரு சோக் காயில் சேர்த்துக் கொண்டுவந்தார். அப்போதும் ஊளை.

"யக்கா, என் டேபிள் மேல சமத்தா பாடுது. வண்டில ஏறுனா மாமியா வூட்டுக்கு வந்த பொண்ணு கணக்கா அழுவுது. வுட்டுடு யக்கா, புச்சு வாங்கிக்க."

எனக்குச் சுருக்கென்றது. திருவொற்றியூரில் டிரான்ஸ்ஃபார்மர் காயில் சுற்றுகிற ஷெட்டில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள் நான். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உறுமினால், தகடு தளர்ந்த உறுமலா எர்த் இல்லாத உறுமலா என்று என் காது சொல்லிவிடும். அங்கே பாடுவது இங்கே ஊளையிட்டால் கோளாறு பெட்டிக்குள் இல்லை, அது உட்கார்ந்திருக்கிற இடத்தில் இருக்கிறது.

"நீளமா ஒரு ஒயர் எடுப்பா. பொட்டி மேல ஒரு மொனை, பேட்டரி மைனஸ்ல ஒரு மொனை. கட்டிட்டு ஸ்டார்ட் பண்ணு" என்றேன்.

கட்டினார். இன்ஜினை உறும விட்டார். ஊளை இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப எர்த்துதான் யக்கா."

பேட்டரி மைனஸோடு சேர்ந்திருக்கும் வண்டித் தகட்டோடு பெட்டியின் எர்த் ஒயரைப் பிடித்திருப்பது, பெட்டியின் முன்மூலையை ஒட்டி உள்ள ஒரு ஸ்க்ரூ. பெட்டியைக் கழற்ற ஒயரின் மறுமுனையை உருவினால் போதும், இதைத் தொட வேண்டியதில்லை. அவர் டார்ச் அடித்துக் குனிந்தார். "ஸ்க்ரூவையே காணோமே. இன்னாமோ கட்டியா கீது."

நானும் குனிந்தேன். சந்தனம்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் சந்தன, குங்குமப் பொட்டு வைத்த கையோடு அந்தப் பெட்டிக்கும் வைப்பேன். கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது அந்த ஸ்க்ரூதான். விரல்நுனிக்கு அளவெடுத்த மாதிரி வட்டமாக இருக்கும். பூஜைக்கு வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அது உதிரவில்லை. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம் வருஷா வருஷம் உள்ளே கசிந்திருக்கிறது, கடல்காற்று மீதியைப் பார்த்துக்கொண்டது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் மஞ்சள், சிவப்பு, மறுபடி மஞ்சள் என்று அடுக்கடுக்காக வந்தது. அடியில் ஒயர் முனை பச்சை பூத்து, தகடு துருவேறிக் கிடந்தது.

"இதுவும் அண்ணாத்த பார்த்த வேலையா?" என்று சிரித்தார் அவர்.

ஆமாம் என்று சொன்னால் மறுத்துப் பேச ஆள் இல்லை.

"இல்லப்பா. நான் வெச்ச பொட்டு."

தகடு பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது முனை வைத்து முறுக்கினார். மகள் வந்ததும் இன்ஜினை ஓடவிட்டுப் பாட்டு போட்டுக் காட்டினேன். அசந்துபோனாள். "உங்கப்பா மேல தப்பில்லடி. கெடுத்தது நான்தான்" என்றேன். நான் தப்பை ஒத்துக்கொண்டு அவள் பார்த்ததில்லை. புது செட்டுப் பேச்சை அவள் அப்புறம் எடுக்கவில்லை.

பூஜையன்று பெட்டியின் மூடிமேல், ஸ்க்ரூவுக்கு எட்டாத இடத்தில் பொட்டு வைத்தேன். சாயங்காலம் மகள் எண்ணூர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் பாட்டு சுத்தமாக வந்தது. பாறாங்கல் கொட்டிய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னேன்.

"இன்ஜினையும் நிறுத்து."

"ஓடறப்பவே நல்லா பாடுதேம்மா. பேட்டரி எறங்கிடும்."

"எறங்குனா தள்ளிக்கலாம்டி."