கூடுகளுக்கு அடியில் கொதித்த எஞ்சின்

எங்கள் நோவா ஸ்கோஷியா கரையில் ஆளை அப்பன், பாட்டன் பேரோடு சேர்த்துத்தான் சொல்வோம். அல்ஃபே மகன் லூயி, லூயி மகள் ஸெலி. என் தங்கை பெற்ற பெண். டிஸ்மாவைக் கட்டிக்கொண்டு அவன் படகிலேயே வேலைக்கும் போனாள். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். அந்த முள்ளுக்கே வாக்கப்பட்டிருக்கலாம் என்பான் டிஸ்மா.

சிங்கி இறால் பருவம் திறக்கிற நாள். தளம் முழுக்க இறால் பிடிக்கும் கம்பிக்கூடுகளை ஆளுயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தோம். எஞ்சின் மூடியும் அவற்றுக்கு அடியில்தான். டிஸ்மாவின் தம்பி ஒனெஸீமும் நானும் உடன் இருந்தோம். வெளிக்கடலுக்குப் போகும் முன்பே முள் ஏறியது. காற்றோ எங்களைப் பாறைகள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

பம்பு இழுக்கும் கடல்நீர் கூலருக்குள் ஓடி எஞ்சின் சூட்டைத் தணித்துவிட்டுப் புகைக்குழாய் வழியாக வெளியே கொட்டும். பின்னால் அது எப்படி வருகிறது என்று ஸெலி என்னைப் பார்க்கச் சொன்னாள். ஒழுகல்தான், மிச்சமெல்லாம் ஆவி. கடல்நீர் நுழையும் வடிகட்டியில் பாசி இல்லை. கூடுகளைக் கடலில் தள்ளிவிட்டு மூடியைத் திறக்கலாம் என்றான் டிஸ்மா. அங்கே தள்ளினால் அந்த வருஷப் பிழைப்பே பாறையில் சிக்கிப் போகும். ஸெலி கேபின் பக்கமாக எஞ்சின் இருக்கும் இடத்துக்குள் தவழ்ந்தாள்.

"பம்புலேர்ந்து வர்ற ஹோஸ் விறைச்சுக் கிடக்கு. கூலரைத் தாண்டினா தொளதொளன்னு இருக்கு. அடைப்பு கூலர்லதான். எஞ்சினை நிறுத்துங்க."

நிறுத்திவிட்டு நங்கூரம் போட்டோம். அது பிடிக்காமல் இழுபட்டது. பாறைகளில் உடையும் நுரை வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தது.

"கொழுந்தனாரே, பம்புல ரப்பர் சக்கரத்தை மாத்தினீங்களே, பழசுல இறகெல்லாம் இருந்துச்சா?"

"பிஞ்சிருந்துச்சு அண்ணி. அதனாலதானே மாத்தினேன்."

"பிஞ்சது எங்க போச்சு?"

கடல்நீர் உள்ளே வரும் கடல்வாயை அடைத்துவிட்டு ஸெலி கூலரின் மூடியைக் கழற்றினாள். கொதிநீர் மணிக்கட்டில் கொட்டியது. உள்ளே விரலை விட்டுக் கறுப்பு ரப்பர் துண்டுகளைத் தோண்டியெடுத்தாள். நங்கூரக் கயிற்றை நான் விடாமல் பிடித்திருந்தேன். பாறையில் அலை அடிக்கும் சத்தம் பேச்சை அமுக்கியது.

மூடியை மாட்டிக் கடல்வாயைத் திறந்ததும் எஞ்சின் மறுபடி ஓட ஆரம்பித்தது. பின்னால் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது.

வேகமாகப் போனால் கூடு போட நல்ல இடத்தைப் பிடிக்கலாம் என்றான் டிஸ்மா. "எல்லாத் துண்டும் வந்துச்சான்னு தெரியாது, மெதுவாவே போ" என்றாள். அதனால் மற்றவர்கள் விட்டுவைத்த இடத்தில்தான் கூடுகளை இறக்கினோம்.

கரை சேர்ந்ததும், அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு ராப்பூர் ஆறிவிடும், சாப்பிட வா என்று டிஸ்மா கூப்பிட்டான். அவள் போகவில்லை. கூலரை மறுபடி திறந்தாள். ஒனெஸீம் விளக்குப் பிடித்தான். குழாய் வாயில் ஒட்டிக்கொண்டு இன்னும் ஒரு துண்டு இருந்தது.