இடது கதவிலிருந்து வந்த குரல்

என் சட்டைப் பையில் பேனாவோடு சேர்ந்து ஒரு சின்ன செல் எப்போதும் கிடக்கும். சுவர்க் கடிகாரத்தில் போடுகிற அதே செல்தான். இரண்டு முனையிலும் துண்டு ஒயர் ஒட்டி வைத்திருக்கிறேன். கார்க் கதவில் ஸ்பீக்கர் மாட்டியதும், முன்பக்கம் பாட்டுப் பெட்டிக்கு வந்து சேரும் ஒயர்களில் இந்தச் செல்லை ஒரு நொடி தொட்டுப் பார்ப்பேன். பிளஸ்ஸும் மைனஸும் சரியாக இருந்தால் ஸ்பீக்கரின் வட்டக் காகிதம் 'டப்' என்று வெளியே எழும்பும். மாறிக் கிடந்தால் உள்ளே அமுங்கும். அவ்வளவுதான் சோதனை. ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை நான் மிச்சம் பிடித்த ஒரு காலையும், அதனால் ஒரு குரல் அழிந்து போக இருந்ததும் இந்தச் செல்லைத் தொடும்போதெல்லாம் ஞாபகத்துக்கு வரும்.

அன்று பௌர்ணமி. வேங்கிக்காலில் எங்கள் கடை திறந்தவுடனே ஒரு பழைய வெள்ளைக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு அறுபது வயதிருக்கும், வாடகைக் கார் ஓட்டி ஓய்ந்தவர். பக்கத்து சீட்டில் அவர் மனைவி. அடி அண்ணாமலையில் வீடு. அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். தொண்டையில் ஆபரேஷன் ஆகி, அதோடு பேச்சு போய்விட்டது. கழுத்தைச் சுற்றி மெல்லிய பருத்தித் துணி. மடியில் ஒரு நோட்டும் பென்சிலும்.

"பேசுறதுதான் நின்னுச்சு தம்பி, திட்டுறது நிக்கல. முன்னெல்லாம் காதுல வாங்குனா போதும், இப்ப கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டியிருக்கு" என்றார் அவர். டீச்சர் நோட்டாலேயே அவர் தோளில் ஒன்று வைத்தார்.

அவர் வெளியூர்ச் சவாரி போன நாட்களில் டீச்சர் போனில் குரல் பதிவுகள் அனுப்பியிருக்கிறார். சாப்பிட்டீர்களா, எந்த ஊர் தாண்டினீர்கள், வரும்போது தயிர் வாங்கி வாருங்கள், இப்படி நாற்பதுக்கு மேல். அத்தனையும் அவர் போனில் பத்திரமாக இருந்தன. அதைக் காரில் போட்டுக் கேட்க வேண்டும், அதற்குத்தான் ஸ்பீக்கர். ஆபரேஷனுக்குப் பிறகு டீச்சர் தன் குரலைக் கேட்க ஒத்துக்கொண்டதே இல்லையாம். அன்று ஒரு தடவை கேட்கிறேன் என்று தலையாட்டி வந்திருந்தார்.

பௌர்ணமி என்றால் எங்கள் ஊரில் மத்தியானத்துக்குள் கிரிவலப் பாதையை மறித்துவிடுவார்கள். அதற்குள் அவர்கள் வீடு போய்ச் சேர வேண்டும். நான் அவசரமாகக் கதவின் உள்அட்டையைக் கழற்றினேன், பழைய ஸ்பீக்கரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். இடது கதவு ஒயரில் யாரோ எப்போதோ ஒட்டுப்போட்டுக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். நிறத்தை நம்பி அப்படியே மாட்டினேன். செல்லை எடுக்கவில்லை.

முதலில் ஒரு பாட்டு போட்டோம். காருக்கு வெளியே கோயில் மேளமே வந்து நிற்பது போல விரிந்து கேட்டது. கடை முதலாளி என் முதுகில் தட்டினார். பிறகு டீச்சரின் கணவர் தன் போனை இணைத்து ஒரு பதிவைப் போட்டார். குரல் வந்தது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. நடு நெஞ்சு இல்லாத குரல். காலிக் குடத்துக்குள் யாரோ தூரத்தில் முனகுவது போலிருந்தது. டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு உள்ளங்கையைத் தன் மார்பில் வைத்து, இல்லை என்று தலையசைத்தார். நோட்டில் எழுதினார்: 'இது நான் இல்லை. இப்படித்தான் பேசினேன் என்றால் வேண்டாம். எல்லாத்தையும் அழிச்சிடுங்க.'

"வாய்ஸ் மெசேஜ்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்றார் முதலாளி. எனக்கு ஏதோ தவறு என்று பட்டது. வாயைத் திறக்கவில்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில் பேசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. டீச்சரின் கணவர் வண்டியை எடுக்கும்போது என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "இன்னிக்கு ராத்திரி அழிச்சிடறேன்னு வாக்கு குடுத்துட்டேன் தம்பி. இந்த குரலப் போட்டுப் போட்டு அவள அழ வைக்கறதுக்கு, இல்லாமயே இருக்கட்டும்."

கூட்டத்தால் கடையைப் பாதி நாளில் மூடினோம். முதலாளி போன பிறகு நான் மேசையில் இரண்டு ஸ்பீக்கரை வைத்து, என் தங்கை அனுப்பிய ஒரு பதிவைப் போட்டேன். நன்றாக இருந்தது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்தேன். அதே காலிக் குடம். ஒன்று வெளியே தள்ளும்போது மற்றொன்று உள்ளே இழுக்கிறது. பாட்டு விரிந்து அழகாகிவிடும், தனிக் குரல் மட்டும் கரைந்துவிடும். என் தங்கை எனக்கே அந்நியமாகக் கேட்டாள்.

பில்லில் டீச்சர் கணவரின் நம்பர் இருந்தது. இரண்டு தடவை அழுத்தினேன், மணி அடிப்பதற்குள் இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். போனில் என்ன என்று சொல்வது? திருப்புளியையும் செல்லையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். வண்டி போக வழியில்லை. எல்லாரும் போகிற பக்கமாகப் போனால் மலையை முக்கால்வாசி சுற்றித்தான் அடி அண்ணாமலை வரும். எதிர்ப்பக்கமாகப் போனால் கிட்டம். ஆனால் கிரிவலத்தில் யாரும் எதிர்ப்பக்கம் நடப்பதில்லை.

கூட்டத்தில் முதுகுகளைப் பார்த்தே நடந்து பழகியவன் நான். அன்று அத்தனை முகங்களும் என் எதிரே வந்தன. சாயங்கால வெயிலில் ஆயிரம் நெற்றிகளில் விபூதி மின்னியது. வெறுங்காலோடு அத்தனை பேரும் ஒரே ஆறாக என் இரண்டு பக்கமும் பிரிந்து போனார்கள்.

"அண்ணே, இந்தப் பக்கமா சுத்தணும்!"

"வுடுடி, செருப்ப எங்கனா வுட்டுட்டு தேடிப் போறாரு."

சிரிப்பு எனக்குப் பின்னால் கரைந்தது. தூக்கத்தில் நடப்பவன் போல மலையை இடது கைப்பக்கமே வைத்துக்கொண்டு நடந்தேன்.

அவர்கள் வீட்டை விசாரித்துச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நிலா இன்னும் மலைக்குப் பின்னால்தான் இருந்தது. மலையின் ஓரம் மட்டும் வெளுத்திருந்தது. டீச்சர் வாசலில் நாற்காலி போட்டு, நடந்து போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவரின் போன் அவர் மடியில் இருந்தது.

"டீச்சர், தப்பு என்னுது. அது உங்க குரல் இல்ல. அழிச்சிட்டீங்களா?"

டீச்சர் இல்லை என்று தலையாட்டினார். பையிலிருந்த திருப்புளியைப் பார்த்துவிட்டுக் கணவரைக் கை தட்டிக் கூப்பிட்டார்.

காரின் இரண்டு கதவிலும் உள்அட்டையைக் கழற்றிச் செல்லை வைத்துப் பார்த்தேன். வலது கதவில் 'டப்' என்று எழும்பியது. இடது கதவில் அமுங்கியது. டேப்பைப் பிரித்து இரண்டு ஒயரையும் மாற்றி முறுக்கினேன். மறுபடி தொட்டதும் எழும்பியது. கணவர் டீச்சரைக் காரில் உட்காரச் சொல்லி, தன் போனை இணைத்தார்.

"என்னாங்க, கலெக்டர் ஆபீஸ் தாண்டிட்டீங்களா? வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க. ஒறைக்கு கூட ஒரு சொட்டு இல்ல. மறந்துட்டு வந்து பல்ல இளிக்காதீங்க, சொல்லிட்டேன்."

காரின் முன் கண்ணாடிக்கு நேரே, இருவருக்கும் நடுவில் ஒரு மனுஷி உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது. வகுப்பறையின் கடைசி வரிசை வரை போய்ப் பழகிய குரல். டீச்சரின் கை தொண்டைத் துணிக்குப் போய் அங்கேயே நின்றது. இரண்டாவது முறை போட்டபோது அவர் உதடுகளும் கூடவே அசைந்தன. ஒரு சொல்கூடப் பிசகவில்லை. கணவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். டீச்சர் போனைப் பிடுங்கி, முந்தானையால் துடைத்து, அவர் சட்டைப் பையில் செருகினார். பிறகு நோட்டை எடுத்து எழுதி என்னிடம் நீட்டினார்: 'அன்னைக்கும் இந்த மனுஷன் தயிர் வாங்கிட்டு வரல.'

இப்போது எங்கள் கடையில் பெரிய பெரிய கார்கள் வருகின்றன. எல்லாருக்கும் அவசரம். முதலாளி, "வண்டிய குடுப்பா, பாட்டுதான் வருதே" என்பார். "இருங்க, பாக்கணும்" என்று இப்போதெல்லாம் சத்தமாகவே சொல்கிறேன். நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். பையிலிருந்து செல்லை எடுத்துத் தொடுகிறேன். பேச வாயெடுப்பவர் மார்பு போல, காகிதம் ஒரு தடவை எழும்பி நிற்கிறது.